எதைவிட உஷ்ணம்?

சென்னைப் பட்டணத்துக்கு மூன்றே பருவங்கள்தான் உண்டு என்று இங்கிலீஷ் தெரிந்தவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்: ஹாட், ஹாட்டர், ஹாட்டஸ்ட். அதாவது சூடு, அதைவிடச் சூடு, எல்லாவற்றையும்விடச் சூடு. தாம்பரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு இந்த வேடிக்கையைக் கேட்டால் சிரிப்பு வருவதில்லை, வியர்வைதான் வருகிறது. ஆனால் இந்த மூன்று வார்த்தைகளில் நடுவில் நிற்கும் வார்த்தை ஒன்று என் வீட்டில் ஒரு பெரிய வழக்கையே கிளப்பிவிட்டது. அந்த வழக்கின் விவரத்தை நேயர்களிடம் சமர்ப்பிக்கிறேன்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், ஒன்பதாவது வகுப்பில் படிக்கும் என் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றிய வேகத்திலிருந்தே ஏதோ விபரீதம் என்று தெரிந்துவிட்டது. புத்தகப் பையிலிருந்து ஒரு பரீட்சைத் தாளை எடுத்து என் மடியில் போட்டாள். கோடை விடுமுறையைப் பற்றி இங்கிலீஷில் வியாசம். அதில் ஒரு வாக்கியத்தின் மேல் சிவப்பு மை ஆறாக ஓடியிருந்தது. ‘ஏப்ரல் இஸ் டாரிட், மே இஸ் டாரிடர்’ என்று குழந்தை எழுதியிருக்கிறாள். உபாத்தியாயினி அம்மாள் ‘டாரிடர்’ என்பதை அடித்து, அரை மார்க்கும் குறைத்துவிட்டார். அரை மார்க்கு போனதைப்பற்றிக் கூட அவளுக்கு அவ்வளவு துக்கம் இல்லை. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள் என்பதுதான் துக்கம்.

“தாத்தா! அந்த வார்த்தை இருக்கிறது. அண்ணாவோடு ஸ்கிராபிள் விளையாடும்போது அவன் ‘டாரிட்’ என்று வைத்தான். நான் பின்னால் இரண்டே எழுத்துச் சேர்த்து ‘டாரிடர்’ என்று ஆக்கினேன். புஸ்தகத்தைப் பார்த்தோம், செல்லும் என்று போட்டிருந்தது. ஒன்பது புள்ளி எனக்கு வந்தது. விளையாட்டில் சரியாக இருக்கிற வார்த்தை பரீட்சையில் எப்படித் தப்பாகும்?”

“டீச்சர் என்ன எழுதச் சொன்னார்?” என்று கேட்டேன்.

“‘மோர் டாரிட்’ என்று எழுதவேண்டுமாம்.”

சமையலறையிலிருந்து அவள் பாட்டி, “மோர்தானே வேண்டும்? இதோ கொண்டுவருகிறேன். அதற்கு ஏன் இத்தனை கூச்சல்?” என்றாள்.

பாட்டிக்கு இங்கிலீஷ் இலக்கணம் தெரியாது. ஆனாலும் வழக்கின் தீர்ப்பை அவளே சொல்லிவிட்டாள் என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கிற்று.

*

முதலில் அந்த வார்த்தையின் பூர்வோத்தரத்தை விசாரிப்போம். ‘டாரிட்’ என்பது லத்தீன் பாஷையிலிருந்து வந்தது. காயவைத்தல், வறுத்தல் என்பது அதன் தாதுவின் பொருள். தாகத்தைக் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தையும், ஆசைக்கு நம் பெரியவர்கள் வழங்கும் ‘திருஷ்ணை’ என்ற வடசொல்லும் அந்தக் குடும்பத்தில் பிறந்தவையே என்று பாஷா சாஸ்திரிகள் சொல்கிறார்கள். நாக்கு வறண்டால் தாகம். மனம் வறண்டால் ஆசை. இரண்டுக்கும் ஒரே வேர்.

பழைய பூகோள புஸ்தகங்களில் உஷ்ண மண்டலம், சமசீதோஷ்ண மண்டலம், சீத மண்டலம் என்று படித்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அந்த உஷ்ண மண்டலத்துக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயரில் இருப்பதும் இந்த ‘டாரிட்’தான். பூமத்திய ரேகைக்கு இரு புறத்திலும் உள்ள அந்தப் பட்டையில் மனிதர் வசிக்கவே முடியாது என்று கிரேக்க தேசத்து மகா மேதாவியான அரிஸ்டாட்டில் நினைத்தார். நமது தாம்பரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய பதின்மூன்று டிகிரியில் இருக்கிறது. ஆகவே அரிஸ்டாட்டில் கணக்குப்படி தாம்பரத்தில் ஜனங்களே இருக்கக் கூடாது. காலை எட்டு மணிக்கு எங்கள் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் அந்த மகான் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டிருப்பார்.

வெயிலிலிருந்து அந்த வார்த்தை மெள்ள மனிதர்களின் நெஞ்சுக்குள்ளும் புகுந்தது. இப்போது இங்கிலீஷ் பத்திரிகைகளில் கரைகடந்த காதலுக்கு ‘டாரிட்’ என்று அடைமொழி கொடுக்கிறார்கள். கிரிக்கெட் ஆட்டத்தில் வேகப் பந்துவீச்சுக்கு முன் திண்டாடுகிறவனுடைய அவஸ்தைக்கும் அதே அடைமொழிதான். இப்படியே ‘ஆர்டென்ட்’ என்ற வார்த்தை எரிவதிலிருந்தும், ‘ஃபெர்வென்ட்’ என்பது கொதிப்பதிலிருந்தும் பிறந்து, இன்று பக்திக்கும் பற்றுதலுக்கும் அடைமொழிகளாக உத்தியோகம் பார்க்கின்றன. இங்கிலீஷ்காரனுடைய ஆர்வங்கள் எல்லாம் அடுப்படியில் பிறந்தவை என்று சொன்னால் தவறில்லை.

இனி, ஒப்பிட்டுச் சொல்லும் விதி. ‘ஹாட்’, ‘வார்ம்’ போன்ற ஓரசைச் சொற்களுக்குப் பின்னால் ‘அர்’ என்று ஒரு வால் ஒட்டினால் போதும். ‘ஹாட்டர்’, ‘வார்மர்’ என்று ஆகிவிடும். மூன்று அசையும் அதற்கு மேலும் உள்ள சொற்கள் வாலைத் தாங்கமாட்டா. அவற்றின் முன்னால் ‘மோர்’ வரவேண்டும். இரண்டு அசைச் சொற்கள்தான் தொல்லை கொடுப்பவை. ‘ஹாப்பி’ மாதிரி ‘இ’ என்று முடிந்தால் வால். ‘க்ளெவர்’, ‘க்வயட்’ முதலிய சில சொற்களுக்கு இரண்டும் செல்லும். லத்தீனிலிருந்து இரவல் வாங்கிய ‘ஆர்டென்ட்’, ‘ஃபெர்வென்ட்’, ‘டாரிட்’ போன்றவற்றுக்குப் பெரும்பாலும் மோர்தான். சின்ன வார்த்தைக்கு வால், பெரிய வார்த்தைக்கு மோர் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அதிக உஷ்ணமான வார்த்தைகளுக்கு மோர் கொடுக்கவேண்டும் என்பதைத்தான் பாட்டி தன் வழியில் சொன்னாள்.

வாலும் மோரும் சேர்ந்து வரக்கூடாது என்பது இக்காலத்து விதி. ஷேக்ஸ்பியர் நாளில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவருடைய ‘ஜூலியஸ் ஸீஸர்’ நாடகத்தில் ஆண்டனி பேசும் பேச்சிலேயே அப்படி இரட்டைச் சுமை ஏற்றிய சொல் வருகிறது. ஷேக்ஸ்பியருக்கு யார் அரை மார்க்கு குறைக்க முடியும்?

ஆகவே பேத்தியிடம் என் தீர்ப்பைச் சொன்னேன்: “நீ எழுதிய வார்த்தை இல்லாத வார்த்தை அல்ல. ஆனால் இங்கிலீஷ் எழுதுகிறவர்கள் அதை எடுத்து உபயோகிப்பதில்லை. பரணில் பாத்திரம் இருப்பது வேறு; தினம் அதில் சமைப்பது வேறு. இன்னொன்றும் கேள். ‘டாரிட்’ என்பதே உஷ்ணத்தின் உச்சி. உச்சியில் நிற்கிறவனுக்கு ஏணி எதற்கு? சாதாரண வெயிலை ஒப்பிட ‘ஹாட்டர்’ என்று எழுதியிருந்தால் ஒரு வம்பும் வந்திராது.”

குழந்தை அரைகுறையாகச் சமாதானமடைந்து மோரைக் குடித்தாள். குடித்துவிட்டு, “தமிழில் இதற்கெல்லாம் என்ன வால்?” என்று கேட்டாள்.

*

தமிழில் வால் கிடையாது. இதுதான் விசேஷம். கால்டுவெல் பாதிரியார் 1856-ம் வருஷத்தில் வெளியிட்ட திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணத்திலேயே இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஸம்ஸ்கிருதத்தில் ‘தர’, ‘தம’ என்ற விகுதிகள் உண்டு. நாம் தினமும் சொல்லும் ‘உத்தமம்’ என்பதில் அந்தத் ‘தம’ ஒளிந்திருக்கிறது. தமிழ்ச் சொல்லோ அசைந்து கொடுப்பதில்லை. சூடு என்றால் எப்போதும் சூடுதான். ஒப்பிட வேண்டுமானால், எதோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பொருளைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன்மேல் ‘விட’ என்றோ ‘காட்டிலும்’ என்றோ போடவேண்டும். பழைய நடையில் ஐந்தாம் வேற்றுமையின் ‘இன்’ உருபு இந்த வேலையைச் செய்தது. ‘பாலினும் இனிது’ என்றால் பால் அங்கே சாக்ஷியாக வந்து நிற்கவேண்டும்.

இங்கிலீஷில் அந்தச் சிரமம் இல்லை. ‘ஹாட்டர்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். எதைவிட என்று சொல்லாமல் போனாலும் வாக்கியம் முழுமையாக நிற்கிறது. சோப்பு விற்கிறவன் ‘வெண்மையானது’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘வைட்டர்’ என்கிறான். எதைவிட வெண்மை? பக்கத்துக் கடைச் சோப்பைவிடவா, போன வருஷத்துச் சோப்பைவிடவா, கரியைவிடவா? சொல்லமாட்டான். நாமும் கேட்கமாட்டோம். விளம்பரக்காரர்களின் சொர்க்கம் அந்த வால் நுனியில் இருக்கிறது.

நேர்மையான ஒப்பீடு எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கோடை நாளில் பத்திரிகையைப் பிரித்தால் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு வானிலை நிலையங்களின் கணக்கும் அடுத்தடுத்து இருக்கும். நுங்கம்பாக்கம் கடலுக்குச் சமீபம். மீனம்பாக்கம் உள்ளே தள்ளியிருப்பதால் கடற்காற்று அங்கே வந்து சேர நேரமாகிறது. ஆகவே கோடைப் பகலில் நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கம் பெரும்பாலும் கொஞ்சம் அதிகமாகவே காய்கிறது. 2003-ம் வருஷம் மே மாதக் கடைசியில் சென்னையின் உஷ்ணம் 45 டிகிரி செல்ஸியஸைத் தொட்டது. ‘அந்த வருஷத்தைவிடச் சூடு’ என்று யாராவது சொன்னால், எண்ணைப் பார்த்து ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ தீர்ப்புச் சொல்லலாம். இரண்டு பொருள், இரண்டு அளவு, ஒரே மானி. ஒப்பிடுவது என்றால் இதுதான்.

*

வெயிலை அளக்க மானி இருக்கிறது. நெஞ்சின் உஷ்ணத்தை அளப்பது எப்படி? அங்கேதான் பாஷைக்குப் பாஷை வழி பிரிகிறது.

குளிர் தேசத்தில் பிறந்தவனுக்கு உஷ்ணமே சுகம். ஆகையால் அன்பான வரவேற்பை அவன் ‘வார்ம்’ என்கிறான். அன்பில்லாதவனைச் சில்லிட்டவன் என்கிறான். நமக்கோ குளிர்ச்சிதான் சுகம். குழந்தையைப் பார்த்தால் கண் குளிர்கிறது. நல்ல வார்த்தை கேட்டால் செவி குளிர்கிறது. பசித்தவனுக்குச் சோறு போட்டால் அவன் வயிறு குளிர்ந்து வாழ்த்துகிறான். கருணைக்கே தண்ணளி என்று பெயர் வைத்த ஜாதி நாம். எரிச்சல், கொதிப்பு, காய்ச்சல், புகைச்சல் எல்லாம் நமக்குப் பகைமையின் பெயர்கள்.

இதை அறியாமல் நான் ஒரு தடவை அவமானப்பட்டிருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன்பு எங்கள் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில், ஒரு பெரிய மனிதருக்கு வாசித்தளிக்க இங்கிலீஷில் ஒரு வரவேற்புப் பத்திரம் தயாரித்து, அதைத் தமிழாக்கும்படி என்னிடம் கொடுத்தார்கள். அதில் சென்ற ஆண்டு அளித்ததைவிட ‘வார்மர்’ வரவேற்பு அளிக்கிறோம் என்று இருந்தது. மூலத்துக்கு உண்மையாக இருக்கவேண்டும் என்ற வைராக்கியத்தில், ‘சென்ற ஆண்டைவிட உஷ்ணமான வரவேற்பு’ என்று எழுதிவிட்டேன். கூட்டம் நடந்தது மே மாதம். நான் அந்த வரியை வாசித்த சமயம் பார்த்து மின்சாரம் நின்று மின்விசிறிகள் ஓய்ந்தன. பெரிய மனிதர் மேல்துண்டால் விசிறிக்கொண்டே, “வாக்குத் தவறாத சங்கம்!” என்றார். கொட்டகை முழுவதும் சிரித்தது. அன்று எனக்கு ஏற்பட்ட வியர்வை வெயிலினால் மட்டும் ஏற்பட்டதல்ல.

ஆனால் தமிழனுக்கு நெஞ்சிலே உஷ்ணமே கூடாது என்பது இல்லை. தொல்காப்பியர் உரியியலில் ‘வெம்மை’ என்ற சொல்லுக்கு விருப்பம் என்றே பொருள் கூறியிருக்கிறார். வெயிலின் வெம்மையும் வேட்கையின் வெம்மையும் லத்தீன்காரனுக்கு எப்படி ஒன்றாகத் தோன்றினவோ, அப்படியே நம் முன்னோருக்கும் தோன்றியிருக்கின்றன. ‘தாகம்’ என்பதும் எரிவைக் குறிக்கும் வடசொல்லின் வழியில் வந்ததுதான். நீர் வேட்கையைச் சொன்ன அதே வார்த்தையைத்தான் சுதந்திர வேட்கைக்கும் நம் தேசபக்தர்கள் எடுத்துக்கொண்டார்கள். மானம் இல்லாதவனை நாம் என்ன சொல்லித் திட்டுகிறோம்? “உனக்குச் சூடு சொரணை இருக்கிறதா?” என்கிறோம். ஆகவே சூடு ஒரு அளவுக்கு வேண்டியதுதான். அந்த அளவு எது என்பதில்தான் சண்டை.

தேசிய இயக்கத்திலும் இந்த உஷ்ணமானி வேலை செய்திருக்கிறது. 1907-ம் வருஷம் சூரத்து நகரில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தபோது, வடக்கே திலகருடைய கட்சியைச் சூடான கட்சி என்றும் எதிர்க் கட்சியை மெதுவான கட்சி என்றும் பொருள்படும் ஹிந்திப் பெயர்களால் அழைத்தார்கள். தமிழில் தீவிரவாதிகள், மிதவாதிகள் என்றார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் பாரதியாரும் சூரத்துக்குப் போய்த் திலகர் பக்கம் நின்றவர்கள். அந்த நாளில் ‘தீவிரவாதி’ என்பது பெருமையோடு சூடிக்கொள்ளக் கூடிய பட்டம். இன்று அதே வார்த்தையைப் பத்திரிகையில் பார்த்தால் வெடிகுண்டு ஞாபகம் வருகிறது. வார்த்தை மாறவில்லை. அதனுடன் ஒப்பிட்டுப் பார்த்த பொருள் மாறிவிட்டது. அன்று அது மிதவாதியைவிடத் தீவிரம். இன்று அது யாரைவிட என்ற கேள்வியே இல்லாமல் தனியே நிற்கும் தீவிரம். ஒப்பிடும் பொருளை இழந்த சொல் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

*

இவ்வளவையும் பேத்திக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, ஒரு தமிழ்ப் பண்டிதனுக்கு உரிய கர்வத்துடன் சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன். அவள் என் மேஜைமேல் கிடந்த காகிதத்தை எடுத்துப் படித்தாள். அது ஆகஸ்டு பதினைந்தாம் தேதி எங்கள் முடிச்சூர்ச் சாலை நகரில் கொடியேற்றும்போது நான் செய்யவிருந்த பிரசங்கம். அதன் முதல் வரியை உரக்க வாசித்தாள்: “‘நம் இளைஞர்களுக்கு இன்னும் தீவிரமான தேசபக்தி வேண்டும்.’ எதைவிட, தாத்தா?”

நான் திடுக்கிட்டேன். தமிழில் வால் இல்லாவிட்டாலும் ‘இன்னும்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் எந்தச் சாக்ஷியையும் கூப்பிடாமல் தப்பித்துக்கொள்ளலாம். சோப்பு வியாபாரியைப் பரிகாசம் செய்த நானே அவனுடைய கடையில் வேலை பார்த்திருக்கிறேன்!

“எதைவிட என்றால்... இப்போது இருப்பதைவிட” என்றேன்.

“இப்போது எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அளந்தீர்கள்?”

பதில் சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. வேறொரு காட்சி வந்தது.

2015-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை எங்கள் பக்கத்தார் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு பெருகி முடிச்சூர்ப் பக்கமெல்லாம் ஏரியாகிவிட்டது. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் மார்பளவு தண்ணீர். நாங்கள் மாடியில். இந்தப் பேத்தி அப்போது சிறு குழந்தை. பால் இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் நாலைந்து பையன்கள் ஒரு படகை இழுத்துக்கொண்டு நீந்தி வந்தார்கள். தெருமுனையில் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்து பொழுதைப் போக்குகிறார்கள் என்று நான் எத்தனையோ தடவை திட்டிய அதே பையன்கள். பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் கொடுத்தார்கள். பாட்டியை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். குழந்தையை ஒருவன் தன் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தான். தேசத்தைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பெரியவரே, பார்த்துக் காலை வையுங்கள்” என்றுதான் சொன்னார்கள்.

அவர்களுடைய தேசபக்திக்கு எத்தனை டிகிரி என்று எந்த மானியில் அளப்பது? அது தீவிரம் என்றுகூடச் சொல்லமுடியாது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது, குளிர்ந்த கை. ஆனால் அன்று எங்கள் வயிறு குளிர்ந்தது.

பேத்தியிடமிருந்து காகிதத்தை வாங்கி, அந்த முதல் வரியை அடித்தேன். சிவப்பு மை அருகில் இல்லை; கையிலிருந்த நீல மையாலேயே அடித்தேன்.

“அரை மார்க்குக் குறைக்கட்டுமா, தாத்தா?” என்று கேட்டாள்.

“முழு மார்க்கே குறைத்துக்கொள்” என்றேன்.

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி கொடியேறியதும் அந்த டிசம்பர் மாதத்துக் கதையையே சொன்னேன். அந்தப் பையன்களில் இருவர் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தார்கள். இப்போது மீசை வைத்துக் குடும்பஸ்தர்களாகிவிட்டார்கள். நான் அவர்களைப் பார்த்துப் பேசினபோது வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூட்டம் முடிந்து எல்லோருக்கும் நீர்மோர் வழங்கினோம். அன்றைக்கும் நல்ல வெயில்தான். எதைவிட என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.